மேசைமேல் இல்லாத மாடுகள்

1

போரைப் பற்றி எழுதுவதும் போரை விளையாடுவதும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். எது கணக்கில் வரும், எது வராது என்று முடிவு செய்வதே இரண்டிலும் முதல் காரியம். எழுத்தில் இந்த முடிவு வாக்கியங்களுக்கிடையில் ஒளிந்துகொள்ளும். விளையாட்டில் ஒளிய இடமில்லை. விதி என்ற பெயரில் வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தையும் ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசிக்க முடியும். இங்கே நான் செய்ய முயல்வது அப்படியொரு வாசிப்பு. எடுத்துக்கொண்ட பிரதி, நெப்போலியன் காலத்துப் போர்களைப் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு மேசைமேல் ஆடும் ஒரு விளையாட்டு. ஆடிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் தளி.

'ஐரோப்பியக் கனவான்களின் பொழுதுபோக்கு. நமக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இரண்டு சம்பந்தங்கள் உண்டு. ஒன்று, நெப்போலியனைக் கடைசியாகத் தோற்கடித்த வெலிங்டன், அந்தப் பட்டம் வருவதற்கு முன், கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியாக 1799 மார்ச்சில் தளிக்குக் கிழக்கே கெலமங்கலம் வழியாகப் போனவன். இரண்டாவது, நம்முடைய அரசியல் மொழி. முன்னணிப்படை, அணிதிரட்டல், தாக்குதல், பின்வாங்கல், போர்த்தந்திரம், செயல்தந்திரம் என்று நாம் துண்டறிக்கைகளில் புழங்கும் சொற்களில் பாதி, போர்க்களத்திலிருந்து வந்தவை. ஒரு மொழியைக் கடன் வாங்கும்போது அதன் குருட்டுத்தனங்களும் கூடவே வந்துவிடுகின்றன. எவை அந்தக் குருட்டுத்தனங்கள் என்பதுதான் இங்கே பிரச்சினை.

என்னோடு ஆடுகிற நண்பனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தேன்கனிக்கோட்டையில் இருவரும் ஒரே பள்ளி. நான் தமிழ் எம்.ஏ. பக்கம் போனேன். அவன் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு டூல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, என்னோடு தமிழ். என்னைக் கூப்பிடுவது மட்டும் பெங்களூர்ப் பாணியில் 'குரு'. அச்சு வெட்டத் தெரிந்தவன் என்பதால் சிப்பாய்களை விலைக்கு வாங்கவில்லை. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தானே வார்த்தான். பிரெஞ்சுக்காரனுக்கு நீலம், ஆங்கிலேயனுக்குச் சிவப்பு. அந்த வர்ணம் பூசும் வேலையில் எனக்கும் பங்குண்டு.

2

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மேசைமேல் ஒரு நிலப்பரப்பை அமைக்கிறோம். குன்று, காடு, ஆறு, பண்ணைவீடு. ஒரு பொம்மை என்பது முப்பது நாற்பது ஆட்களுக்குச் சமம். இருபது சொச்சம் பொம்மைகளை அட்டையில் ஒட்டினால் ஒரு பட்டாளம். முறைவைத்து நகர்த்துகிறோம். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை டேப்பு வைத்து அளக்கிறோம். சுட்டால் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்கிறது. இழப்பு ஒரு அளவைத் தாண்டினால் மனவுறுதிச் சோதனை, மறுபடியும் பகடை. தோற்றால் பட்டாளம் ஓடுகிறது.

நெப்போலியன் காலத்தை இந்த ஆட்டக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அக்காலத்துக் காலாட்படைக்கு மூன்று வடிவங்கள். நீள வரிசையில் நின்றால் எல்லாத் துப்பாக்கியும் சுடும், ஆனால் நகர்வது கஷ்டம். பத்தியாக நின்றால் வேகமாக முன்னேறலாம், ஆனால் முன்னால் நிற்பவர்கள்தான் சுட முடியும். சதுரமாக நின்றால் குதிரைப்படை உள்ளே நுழைய முடியாது, ஆனால் பீரங்கிக்கு அதைவிட நல்ல இலக்கு கிடையாது. ஆகக் குதிரையைக் காட்டிச் சதுரமாக்கு, பீரங்கியால் அடி, பிறகு காலாட்படையை அனுப்பு. மூன்று உறுப்புகளும் ஒன்றையொன்று வெட்டியும் காத்தும் நிற்கிற இந்த அமைப்பு ஒரு இலக்கணம் மாதிரி அழகானது. அழகு என்றுதான் சொல்கிறேன். அந்த அழகில் மனம் லயிப்பதை மறுத்து எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இந்த ஆட்டத்தின் வம்சாவளி சுவாரஸ்யமானது. 1780இல் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்துப் போர்ச்சதுரங்கம் ஒன்றை உருவாக்கினார். 1812இல் பிரஷ்ய மன்னனுக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையைச் செய்து கொடுத்தார். அவருடைய மகன், ராணுவ அதிகாரி, 1824இல் கட்டங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு உண்மையான நிலவரைபடம், பகடை, நடுவர் என்று விதிகளைத் திருத்தினார். பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. 1871இல் பிரான்சைப் பிரஷ்யா தோற்கடித்தபின் மற்ற நாட்டு ராணுவங்களும் பின்பற்றின. மறுபக்கம், 1913இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் பொம்மைச் சிப்பாய் ஆட்டத்துக்கு விதி எழுதினார். பெரிய போர்களை வெறுத்தவர். மேசைமேல் நடக்கும் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவருடைய வாதம். அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்துவிட்டது.

அரண்மனை, ராணுவக் கல்லூரி, நடுத்தரவர்க்கத்து வீடு. மூன்று இடங்களிலும் மேசையைச் சுற்றி நின்றவன் ஒரே ஆள்தான்: தளபதி. மேலேயிருந்து பார்ப்பவன். தன் படை முழுவதையும் எதிரிப்படை முழுவதையும் ஒரே பார்வையில் காண்பவன். இப்படியொரு பார்வை நிஜப்போரில் எந்தத் தளபதிக்கும் வாய்த்ததில்லை. மேசை முதலில் உற்பத்தி செய்வது இந்தப் பார்வையைத்தான். போரைப் பிறகுதான் உற்பத்தி செய்கிறது.

நம்மூர் ஆடுபுலி ஆட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு தரப்பும் சமமில்லை என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. புலி வெட்டலாம், ஆடு வெட்ட முடியாது. ஆட்டுக்கு இருப்பது வழியை அடைக்கும் சாமர்த்தியம் மட்டும். கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் கோடு கீறி இதை ஆடியவர்களுக்கு அதிகாரம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமாக இருந்திருக்காது. நெப்போலிய மேசையோ இரண்டு தரப்புக்கும் புள்ளிக்கணக்கில் சமமான படையைக் கொடுத்து, 'இனி உன் சாமர்த்தியம்' என்று சொல்கிறது. சந்தைப் பொருளாதாரம் பேசும் மொழியும் இதுதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3

இரண்டு வருஷம் வாட்டர்லூவையே ஆடிக்கொண்டிருந்தோம். பிறகு நண்பன்தான் சொன்னான்: 'நம்மூர் வழியா போனவனோட சண்டையை விட்டுட்டு பெல்ஜியத்துல என்ன குரு பண்றோம்?' அப்படித்தான் 1799க்கு வந்தோம்.

பின்னணி இது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் கம்பெனி பக்கம் போயின. மலைக்கு மேலிருந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதி 1799 வரை மைசூர் பக்கமே இருந்தது. அதாவது இன்றைய மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. 1799 ஜனவரியில் எகிப்திலிருந்த நெப்போலியன், திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினான். அது திப்புவின் கைக்கு வரவில்லை. வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது. பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூர்ப் பக்கமிருந்து கிளம்பியது. நிஜாமின் படையும் சேர்ந்துகொண்டது. அதோடு அனுப்பப்பட்ட ஆங்கிலேயப் பட்டாளத்தோடுதான் வெல்லெஸ்லி வந்தான். மார்ச் 5இல் எல்லையைத் தாண்டினார்கள். 10ஆம் தேதி வாக்கில் கெலமங்கலத்தை விட்டு ஆனேக்கல் பக்கம் நகர்ந்தார்கள். ஏப்ரல் 5இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் நின்றார்கள். மே 4இல் கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார்.

கெலமங்கலத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் நேர்கோட்டில் 130 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எடுத்துக்கொண்ட நாள் 26. அதாவது நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர். இடையில் மழவள்ளியில் மார்ச் 27இல் ஒரு சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் படை தாமதமானது சண்டையால் அல்ல, மாடுகளால். முற்றுகைப் பீரங்கி, குண்டு, வெடிமருந்து, அரிசி, சாராயம் எல்லாவற்றையும் இழுத்தும் சுமந்தும் வந்தவை பதினாயிரக்கணக்கான மாடுகள். கெலமங்கலம் தாண்டிய முதல் நாட்களிலேயே அவை விழத் தொடங்கின. மாடு விழுந்தால் பீரங்கி நிற்கும். பீரங்கி நின்றால் படை நிற்கும். மைசூர்க் குதிரைப்படை முன்னால் போய்த் தீவனத்தை எரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஹாரிஸ் நேர்வழியை விட்டுத் தெற்கே கனகனஹள்ளி வழியைப் பிடித்தான். அந்தப் பக்கம் புல் எரியாமல் இருந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் படை எந்தச் சாலையில் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது புல்.

இது அந்த ஒரு வருஷத்து விசேஷம் அல்ல. 1791 மே மாதம் காரன்வாலிஸ் அரகெரேயில் திப்புவின் படையை வென்றான். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலில் நின்றுகொண்டே தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இழுக்க மாடில்லை, தின்ன அரிசியில்லை. களத்தில் ஜெயித்தவன் பின்வாங்குகிறான்! எந்த விதிப்புத்தகத்தில் இதற்கு இடமிருக்கிறது? அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1791 ஜூலையில் அவன் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தான். கர்நாடகச் சமவெளியிலிருந்து தானியம் வருகிற கணவாய்களைத் திறந்து வைப்பதே முக்கிய நோக்கம். அதே வருஷம் நவம்பரில் கிருஷ்ணகிரிப் பேட்டைக்குள் நுழைந்த கம்பெனிப் படை மேல்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியது. நம் பகுதியின் கோட்டைகளை வீரக் கதைகளின் மிச்சங்களாகவே காட்டிப் பழகிவிட்டோம். வேறொரு விதமாகப் பார்த்தால் அவை அரிசி மூட்டைகள் கடந்துபோகும் சுங்கச்சாவடிகள்.

இதே உண்மையை நெப்போலியன் 1812இல் ரஷ்யாவில் கற்றுக்கொண்டான். மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் அந்தப் படையெடுப்பை ஒரு படமாக வரைந்தார். உள்ளே போகும்போது 4,22,000 ஆட்களைக் குறிக்கும் அகலமான பட்டை, திரும்பி வரும்போது 10,000 ஆட்களைக் குறிக்கும் நூலாகிவிடுகிறது. அதில் கவனிக்க வேண்டியது, மாஸ்கோவை அடையும்போதே அது ஒரு லட்சமாகக் குறைந்துவிட்டது என்பதுதான். பனிக்காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. போரோடினோ சண்டையை மேசைமேல் ஆடுபவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அதற்கு முன்னாலேயே கோடைகாலத்தில் செத்து விழுந்த குதிரைகளை ஆடுபவர்கள் அபூர்வம்.

4

கெலமங்கலத்தை ஆட முடிவு செய்தபோது மேசையில் மாடு இல்லை. நண்பன் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தான். ஒரு கொட்டை நூறு மாடு. விதியையும் அவனே எழுதினான். ஒவ்வொரு முறையும் ஒரு நாள். பீரங்கி நகர வேண்டுமானால் அதன் பக்கத்தில் இத்தனை கொட்டை இருக்க வேண்டும். நாள் முடிவில் பகடை; எரிந்த நிலத்தில் இழப்பு இரட்டிப்பு. மாட்டைப் பறிகொடுத்த பீரங்கியை விட்டுவிட்டுப் போகலாம், அல்லது படையே காத்து நிற்கலாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அவன் ஹாரிஸ், நான் திப்பு. நான் என் குதிரைகளை முன்னால் அனுப்பித் தீவனத்தை எரித்துக்கொண்டே இருந்தேன். அவன் கொட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். விதிப்புத்தகம் வகுத்திருந்த அந்த அழகான இலக்கணம், வரிசையும் பத்தியும் சதுரமும், பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சலிப்பான ஆட்டம்தான். ஆனால் 1799 பற்றிப் படித்த புத்தகங்களைவிட அந்தச் சலிப்பு எனக்கு அதிகம் விளக்கியது.

மூன்றாவது வாரம் இன்னொன்று நடந்தது. என் குதிரைகள் ஒரு கிராமத்தின் வைக்கோற்போரை எரித்தபோது நண்பன் கேட்டான்: 'இந்த ஊர்க்காரனுக்கு மனவுறுதிச் சோதனை கிடையாதா?' கிடையாது. பட்டாளத்துக்கு உண்டு, குதிரைக்கு உண்டு. ஊருக்கு இல்லை. மேசையில் ஊர் என்பது சிப்பாய்கள் ஒளிந்துகொள்ள உதவும் ஒரு மறைப்பு. அதற்கு வரைபடத்தில் இடம் உண்டு, விதியில் இடம் இல்லை.

திப்புவைப் பற்றி இன்று நடக்கும் சொல்லாடலை இங்கே வைத்துப் பார்க்கலாம். ஒரு தரப்புக்கு அவர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து மடிந்த நாயகர். இன்னொரு தரப்புக்கு மதவெறியர். இரண்டாவது தரப்பின் அரசியல் நமக்குத் தெரியும். அதோடு சமரசம் இல்லை. கம்பெனியை எதிர்த்தவர் திப்பு என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு தரப்பும் தளபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. படைவழியில் இருந்த குடியானவனின் தீவனம் யார் எரித்தாலும் எரிந்ததுதான். எரிக்காமல் விட்ட இடத்தில் வந்த படை தின்றுவிட்டது. எதிர்ப்பின் விலையை யார் கட்டினார்கள் என்று கேட்பது எதிர்ப்பைக் கொச்சைப்படுத்துவதாகாது. எதிர்ப்பை முழுசாகச் சொல்வதற்கு அந்தக் கேள்வி அவசியம்.

5

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு ஆச்சரியம். மேசை மறந்ததை நம் பழைய இலக்கணம் மறக்கவில்லை.

தொல்காப்பியம் புறத்திணைகளை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்று ஏழாக வகுக்கிறது. களத்தில் இரு படைகள் நேருக்கு நேர் மோதுவது தும்பை. வெற்றி வாகை. நெப்போலிய மேசைக்குத் தெரிந்தவை இவ்விரண்டும்தான். கோட்டை முற்றுகையான உழிஞையை வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் தொல்காப்பியத்தில் போர் தொடங்குவது வெட்சியில். வெட்சி என்பது ஆநிரை கவர்தல். முதலில் மாடு, பிறகுதான் மன்னன். அடுத்தது வஞ்சி, மண் நசையால் படையெடுத்துப் போவது. வஞ்சியின் துறைகளில் ஒன்று பெருஞ்சோற்று நிலை: படைக்குச் சோறு கொடுப்பது. மற்றொன்று எரிபரந்தெடுத்தல்: பகை நாட்டை எரியூட்டுவது. சோறும் தீயும் வீரத்தின் ஓரத்தில் கிடக்கும் விவரங்கள் அல்ல, திணையின் உறுப்புகள்.

இதை வைத்து 'எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்' என்று பழம்பெருமை பேசுவது என் நோக்கமல்ல. புறத்திணை மரபு அரசனைப் பாடும் மரபு. பெருஞ்சோறு கொடுத்த மன்னனின் கை தெரிகிறது, சமைத்தவள் தெரிவதில்லை. எரிக்கப்பட்ட ஊர் வென்றவனின் பெருமையாகவே பாடப்படுகிறது. ஆனாலும் வகைப்பாடு என்ற அளவில், போர் என்பது மோதும் கணம் மட்டும் அல்ல, அதற்கு முன்னால் மாடும் சோறும் தீயும் உண்டு என்கிற அறிவு அதற்குள் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிறைய நடுகற்கள் உண்டு. அவற்றில் பல, மாடு மீட்கப்போய் இறந்தவனுக்கு எடுத்தவை. அவையும் ஒருவகைச் சிற்றுருவங்கள்தான். ஒரு வித்தியாசம்: அந்தக் கல்லில் இறந்தவன் எதற்காக இறந்தான் என்பதும் சேர்ந்தே இருக்கிறது.

1799 கெலமங்கலம் ஒரு வஞ்சி. அதைத் தும்பையாகவே எழுதி வந்திருக்கிறார்கள், தும்பையாகவே ஆடியும் வருகிறார்கள்.

6

இதை எல்லாம் பேசும்போது கி தெபோர் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. 'காட்சிச் சமூகம்' எழுதிய அதே தெபோர் ஒரு போர்விளையாட்டையும் உருவாக்கினார் என்பது நம் பக்கங்களில் அதிகம் பேசப்படாத செய்தி. 1965இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1977இல் அதை வெளியிட நண்பரோடு சேர்ந்து ஒரு நிறுவனமே தொடங்கினார். 1987இல் மனைவி அலீஸ் பெக்கர்-ஹோவோடு சேர்ந்து ஒரு நூலாகவும் வெளியிட்டார். 500 கட்டங்கள். கிளாஸவிட்ஸின் சிந்தனையை அடிப்படையாகக் கொண்டது. அதன் விசேஷம் தொடர்புப்பாதைகள். ஆயுதக்கிடங்கிலிருந்து வரும் கோடு அறுந்தால் படை அசைய முடியாது, சுட முடியாது. எதிரியைக் கொல்ல வேண்டியதில்லை, கோட்டை அறுத்தால் போதும். இது மற்ற மேசைகளைவிடப் பல படி மேல். ஆனால் அங்கேயும் அது கோடுதான். நேராகவும் குறுக்காகவும் போகும் தூய கோடு. அந்தக் கோட்டின் மேல் யார் நடக்கிறார்கள், என்ன சுமக்கிறார்கள், இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பது இல்லை.

கிராம்ஷியும் இந்த மொழியில் பேசியவர். இயக்கப்போர், நிலைப்போர் என்ற அவருடைய பாகுபாட்டை நாம் எத்தனை கூட்டங்களில் பயன்படுத்தியிருப்போம்! ராணுவக் கலையையும் அரசியலையும் ஒப்பிடுவதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே எச்சரித்திருக்கிறார் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டோம்.

இனி நண்பனின் அனுபவம். சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில், பெயர் வேண்டாம், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கக் கோரி வேலைநிறுத்தம் நடந்தது. அவனும் இருந்தான். ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்து, கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. அதைப் பற்றி வந்த துண்டறிக்கைகளை அவன் வைத்திருக்கிறான். வாயிற்கூட்டம், ஊர்வலம், கைது, பேச்சுவார்த்தை, துரோகம். எல்லாம் தும்பை. கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாள் அவன் சொன்னான்: 'கேட்ல நாங்க தோக்கல குரு. மளிகைக் கடையிலதான் தோத்தோம்.' கடைக்காரர் கடன் நோட்டை மூடிய வாரம்தான் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். அதுவரை ஓட்டியது பெண்கள். நகையை அடகு வைத்தவர்கள், தளிப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்கள். துண்டறிக்கையில் அவர்கள் 'குடும்பத்தினரும் திரளாகக் கலந்துகொண்டனர்' என்ற ஒரு வரியாக இருக்கிறார்கள்.

இதை நான் ஒரு ஒப்புமையாக விரித்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த நண்பனின் மனைவி நின்று கேட்டார்: 'அப்ப எங்கள எல்லாம் புளியங்கொட்டைன்னு சொல்றீங்களாண்ணா?' இரண்டு பேரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்: 'மாடு விழுந்தா விழுந்துச்சு. நாங்க விழல. எத்தன நாள் தாங்கும்னு நாங்க நாலு பொம்பளைங்க உக்காந்து கணக்குப் போட்டோம். பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற தேதி வந்துச்சு. அதுக்கு மேல வேணாம்னு சொன்னது நாங்கதான். இவங்க சங்கத்துல அப்பறமா முடிவெடுத்தாங்க.'

இந்த வாசிப்பில் ஒரு விமர்சகன் சொல்லியிருக்க முடியாத பகுதி இதுதான். சுமப்பவர்கள் மேசையில் இல்லை என்பதோடு பிரச்சினை முடியவில்லை. அவர்களை வெறும் எண்ணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தாலும் போதாது. அவர்களும் முடிவெடுக்கிறவர்கள். வரலாற்றிலும் இதற்கு ஆதாரம் உண்டு. மைசூர்ப் போர்களில் தானியம் சுமந்த லம்பாடிகள் எந்த அரசனின் படையிலும் சேர்ந்தவர்கள் அல்ல. தங்கள் மாடுகளோடும் குடும்பத்தோடும் நகர்ந்த வணிகர்கள். யாருக்கு விற்பது, எந்த வழியில் போவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். அவர்கள் வராமல் போனால் படை பட்டினி. காரன்வாலிஸும் வெல்லெஸ்லியும் அவர்களைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளப் பட்ட பாடு ஆவணங்களில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து அந்தத் தொழில் அழிந்தபின், அதே மக்கள் சில பகுதிகளில் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டார்கள். சாம்ராஜ்யத்தைச் சுமந்தவர்களுக்குச் சாம்ராஜ்யம் செய்த மரியாதை.

வெல்லெஸ்லி மட்டும் பாடத்தை மறக்கவில்லை. மாட்டையும் அரிசியையும் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனான். ஸ்பெயினில் கோவேறு கழுதைகளை வைத்து அதையே செய்தான். ஆள்கிறவர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். எதிர்க்கிற நாம்தான் இன்னமும் வரிசை, பத்தி, சதுரம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் விளையாட்டை விட்டுவிடுவதா? இல்லை. நாங்கள் தொடர்ந்து ஆடுகிறோம். ஊருக்கும் இப்போது மனவுறுதிச் சோதனை வைத்திருக்கிறோம். தானியம் சுமப்பவர்களுக்கு 'வர மறுத்தல்' என்று ஒரு விதி சேர்த்திருக்கிறோம். அதைச் சேர்த்ததிலிருந்து இரண்டு தளபதிகளும் முதலில் அவர்களிடம் பேரம் பேசத்தான் ஓட வேண்டியிருக்கிறது. அந்தத் தரப்பை ஆடுவது நண்பனின் மனைவி. பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார்.

எழுதுகிறவர்களிடமும் இயக்கங்களில் இருப்பவர்களிடமும் வைக்க விரும்புவது ஒரு சிறிய கோரிக்கைதான். அடுத்த போராட்டத்தைப் பற்றி எழுதும்போது வாயிற்கூட்டத்தோடு மளிகைக் கடை நோட்டையும் எழுதுங்கள். யார் சமைத்தார்கள், எதை அடகு வைத்தார்கள், எந்தத் தேதிக்குப் பயந்தார்கள், நிறுத்தலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள். ஹாரிஸின் மாடுகள் விழுந்த அதே கெலமங்கலம் பக்கத்துச் சாலைகளில் இன்று ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. உள்ளே வெளிமாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்க ஊர் மளிகைக் கடை இல்லை. சோறும் படுக்கையும் முதலாளியின் ஏற்பாட்டில் இருக்கின்றன. அவர்கள் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் அன்று இரவு எங்கே சாப்பிடுவார்கள், எங்கே தூங்குவார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் அங்கே போர்த்தந்திரம் பற்றிப் பேசுவதில் ஒரு பொருளும் இல்லை.